சாம்பல் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 7

கொலை நடந்த இடமென்றால் ரத்தம் கிடக்கும், கூட்டம் கூடும், உதவியாளன் என்ற முறையில் மச்சானுக்கும் ஒரு மரியாதை கிடைக்கும். இங்கே கிடந்தது வெள்ளைப் பொடி. செத்துக்கொண்டிருந்தது ஒரு தரை.

மூன்று மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம் அது. கார்கள் நிறுத்துகிற இடம். இடது பாதியில் தரை வெடித்துப் பொருக்கு தட்டியிருந்தது. தூண்களின் அடியில் உப்புப் பூத்து, விரலால் நெருடினால் காங்கிரீட் பொலபொலவென்று உதிர்ந்தது. வலது பாதியோ நேற்றுத்தான் போட்டது போலக் கிண்ணென்று இருந்தது. அதன் முகத்தில் ஒரே ஒரு குறை. நடுக்கோட்டில் தொடங்கிப் பின்சுவர் மூலை வரைக்கும் ஒரு நாய் நடந்துபோன கால்தடங்கள் பதிந்திருந்தன.

"ஒரே கட்டடம், ஒரே நாள், ஒரே கலவை. பாதி பாறை, பாதி பொடி" என்றார் பூதக்கண்ணாடி.

துப்பறிகிறவர் என்றாலும் அவரிடம் பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. மூக்குக்கண்ணாடியின் கனத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர் அது. மச்சானின் அக்காவைக் கட்டியவர் என்பதால் மச்சானுக்கு மட்டும் மாமா. கல்யாணத்தின்போது பாத்திரம் பண்டங்களோடு வேலையில்லாத தம்பியையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்பது மச்சானே சொல்லிக்கொள்ளும் வரலாறு.

"மாமா, இதுல துப்பறிய என்ன இருக்கு? மேடம்தான் ஒத்துக்கிட்டாங்களே, சாம்பல் போட்டேன்னு."

பக்கத்தில் நின்ற கலவை மேடம் திரும்பினார். காங்கிரீட் கலந்து லாரியில் அனுப்பும் ஆலையில் எதை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்கிறவர் அவர். இந்த வழக்கைக் கொண்டுவந்தவரும் அவரே.

"நான் ஒத்துக்கல. விளக்கம் சொன்னேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் மேடம்?"

"கேக்கறவங்க புத்தியில இருக்கு."



நடந்தது இதுதான். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு ஊரில் சுத்தம் சார் என்று பெயர். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகள் விற்று மேலே வந்தவர். தன் கருவி வடிகட்டிய தண்ணீரைக்கூட இன்னொரு முறை வடிகட்டித்தான் குடிப்பார். இடது பக்கத்து மூன்று மாடியும் அவர் குடும்பத்துக்கு. வலது பக்கம் மற்றவர்களுக்கு விற்றது. கட்டி இரண்டே வருடத்தில் தன் பக்கத்துத் தரை உதிர ஆரம்பித்ததும் அவர் ஆலையைப் பிடித்து உலுக்கினார். 'ஆமாம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேர்த்திருக்கிறோம், வேண்டுமென்றேதான் சேர்த்தோம்' என்று மேடம் காரணத்தோடு பதில் சொல்லப்போக, காரணத்தை விட்டுவிட்டுச் சாம்பலை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. இன்று ஐந்து மணிக்கு இதே கீழ்த்தளத்தில் குடியிருப்போர் கூட்டம். அதில் மேடம் எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டு வேலையை விட வேண்டும். மறுத்தால் போலீஸ் என்று சொல்லியிருந்தார் சுத்தம் சார். ஆலை முதலாளி ஏற்கெனவே, "ஒத்துக்கிட்டுப் போயிடும்மா, எல்லாருக்கும் நிம்மதி" என்று அன்பாகச் சொல்லிவிட்டார். எல்லாரும் என்ற கணக்கில் மேடம் இல்லை.

"அந்தக் காரணத்தை எனக்கு ஒரு தடவை சொல்லுங்க. இவனுக்குப் புரியற மாதிரி" என்றார் பூதக்கண்ணாடி.

மேடம் உட்கார்ந்து உதிர்ந்த பொடியைக் கையில் எடுத்தார். "இந்த இடத்து மண்ணுல, நிலத்தடித் தண்ணியில, சல்பேட் உப்பு அதிகம். சிமெண்ட் இறுகும்போது உள்ள கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாகும். அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா உக்காந்திருக்கும்."

மூவரில் இருவர் மச்சானைப் பார்த்தார்கள்.

"அந்தச் சமயம் பாத்து உப்புத்தண்ணி உள்ள ஊறும். சுண்ணாம்பு அதோட கூட்டு சேந்து, சிமெண்ட்ல இருக்கற மத்ததையும் இழுத்துக்கிட்டு, உள்ளுக்குள்ளயே ஊதிப் பெருக்கும். இடம் பத்தாம காங்கிரீட் வெடிக்கும். சாம்பல் போட்டா, உப்பு வர்றதுக்கு முன்னாடியே அந்தச் சுண்ணாம்பைப் பிடிச்சுத் தன்னோட இறுக்கிக்கும். தண்ணி போற சந்துபொந்தையும் அடைச்சுடும்."

"ஊர்சுத்திப் பையனுக்குக் காலாகாலத்துல கல்யாணம் பண்ணி வெச்சுடற மாதிரி" என்றான் மச்சான்.

"அதேதான். சாம்பலுக்கு இருக்கற ஒரே கெட்ட பழக்கம், சோம்பல். மெதுவா இறுகும். குளிர்காலம்னா கேக்கவே வேணாம், இந்தத் தரை போட்டதும் மார்கழியிலதான். ஆனா இறுகிட்டா வருஷா வருஷம் கெட்டிதான்." அவர் குரல் இறங்கியது. "ரெண்டு பக்கமும் அதைத்தான் போட்டேன். அப்படி இருந்தும் ஒரு பக்கம் இப்படி உதிருதுன்னா... நான் படிச்சது தப்பா, போட்டது தப்பான்னு தெரியாம தூக்கமே போச்சு சார்."

பூதக்கண்ணாடி தொண்டையைக் கனைத்தார். அவர் தொண்டையைக் கனைத்தால் ஒரு கொள்கை வெளியே வரும்.

"எனக்கு ரசாயனம் தெரியாது. ஆள் தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே கலவைன்னு எல்லாரும் சொல்றீங்க. ஒரே கலவை ரெண்டு விதமா நடந்துக்காது. ஏதோ ஒரு பக்கத்துலதான் சாம்பல் விழுந்திருக்கு. சாம்பல் எந்தப் பக்கமோ, குற்றம் அந்தப் பக்கம்."

"அதான் பளிச்சுன்னு தெரியுதே, இடது பக்கம்" என்றான் மச்சான். "உதிர்ற பக்கம்தானே கலப்படம்?"

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பணம் கொடுத்து வக்கீல் வைத்து, வக்கீல் எதிர்க்கட்சிக்கு வாதாடுவதைக் கேட்பவரின் முகம் அது.

அப்போது சரிவுப்பாதையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஒரு கனத்த ஆள் தரை தேய்க்கும் மிஷினைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

"நாய்க்கால் எங்கேங்க? கூட்டத்துக்குள்ள தேய்ச்சு முடிச்சுடணும்னு சார் சொல்லியிருக்காரு. பாக்க அசிங்கமா இருக்காம்."

"இடது பக்கம் அழகா இருக்காக்கும்" என்றான் மச்சான்.

"அந்தப் பக்கம் மிஷின் வெச்சா தரையே வந்துடும் தம்பி."

வாட்ச்மேன் ஓடி வந்து, அது மேனேஜருடைய கால் என்று மெல்லச் சொன்னார். மேனேஜர் என்பது நாய். வேலை நடந்த காலத்திலிருந்து தினமும் சாயங்காலம் கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, எதையும் செய்யாமல் மூலையில் போய்ப் படுத்துக்கொள்வதால் கட்டட ஆட்கள் வைத்த பெயர். தரை போட்ட அன்றும் தவறாமல் வந்ததாக வாட்ச்மேன் சாட்சி சொன்னார்.

"நாய் இருக்கட்டும்" என்றார் பூதக்கண்ணாடி. "முதல்ல ஆலை. வாடா."

"அண்ணே, வந்து பாத்துட்டுத் தேய்ங்க" என்று மச்சான் கெஞ்சினான்.

"டீ குடிக்கற நேரம்தான் தருவேன்."

*

கலவை ஆலை நடந்துபோகும் தூரத்தில், ஊர் முழுக்கப் படியும் தூசிக்கு நடுவில் இருந்தது. உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் திரை, திரைக்குக் கீழே பொத்தான்கள், பொத்தான்களுக்கு முன்னால் பட்டன். பெயர்க் காரணம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் விழ ஒரு பொத்தான், ஜல்லி விழ ஒன்று, சாம்பல் விழ ஒன்று; அழுத்துவது அவன் விரல்.

"வாங்கக்கா" என்று மேடத்துக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான் பட்டன். பார்க்க நல்ல பிள்ளை.

"இவனை நான்தான் பழக்கினேன்" என்றார் மேடம். "அன்னிக்கு முதல்ல வந்த லாரிங்களை எல்லாம் நானே நின்னு பாத்தேன். அப்புறம் வந்ததுக்கு இவன் போதும்னு விட்டுட்டேன். இவன் போட்டா நான் போட்ட மாதிரி. அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணு பெரிய இடம்."

பட்டன் வெட்கப்பட்டான். மச்சானுக்குப் பொறாமையாக இருந்தது. பொத்தான் அழுத்துகிற வேலைக்குப் பெரிய இடம்; குற்றவாளியைத் துரத்துகிற வேலைக்கு அக்கா வீட்டுத் திண்டாட்டம்.

"தம்பி, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கலவைதானே?" என்றார் பூதக்கண்ணாடி.

"ஒரே கலவைதான் சார். சொல்லப்போனா இடது பக்கத்துக்கு இன்னும் ஒரு படி மேலயே பாத்துப் பண்ணினோம்."

"ஒரு படி மேலன்னா?"

பட்டன் சட்டென்று திரையைப் பார்த்தான். திரையில் எதுவும் ஓடவில்லை. "கவனமா... பண்ணினோம்னு சொன்னேன் சார்."

"ரொம்பக் கவனமா பண்ணினா உதிரும் போல" என்றான் மச்சான்.

பட்டன் சிரிக்கவில்லை. ஐந்து மணிக் கூட்டத்துக்கு ஆலை சார்பில் அவனைத்தான் முதலாளி வரச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொன்னான்.

திரும்பும் வழியில் பூதக்கண்ணாடி முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா? இடது பக்கம்னதும் தடுமாறினான். இடது பக்கத்துல என்னமோ அதிகமா விழுந்திருக்கு. அது சாம்பல்தான்."

"அப்ப மேடம் குற்றவாளி. நம்மகிட்ட வந்தவங்களை நாமே உள்ள தள்ளினா, அடுத்த வழக்கு யாரு குடுப்பா?"

"உண்மைதான்டா முக்கியம்."

"அக்காகிட்ட மளிகைக்கு உண்மையைக் குடுங்க. அளந்து போட்டுக்கட்டும்."

மேடம் சற்றுப் பின்னால் வந்தார். கூட்டத்தில் என்ன சொல்வது என்று அவர் உதடுகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு மச்சானுக்கு நகைச்சுவை வரவில்லை. அவன் வாழ்க்கையில் இது அபூர்வம்.

*

அவர்கள் சரிவுப்பாதையில் இறங்கியபோது மிஷின் உறுமத் தொடங்கியிருந்தது. டீ குடித்து முடித்த மனிதருக்குக் கொடுத்த வாக்கு முக்கியம்.

"நிறுத்துங்க!" மச்சான் ஓடிப்போய் முதல் கால்தடத்தின் மேல் உட்கார்ந்தான்.

"எழுந்திரு தம்பி. உன்னையும் சேத்துத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுவே."

எதற்காக உட்கார்ந்தான் என்று மச்சானுக்கே தெரியாது. வழக்கில் மிச்சமிருந்த ஒரே தடயத்தைத் தேய்க்கிறார்கள் என்ற ஆத்திரம். உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் பார்த்தான். முன்னால் வலது பாதி, கால்தடங்கள் மூலைவரை. பின்னால் இடது பாதி, அதற்கும் பின்னால் சரிவுப்பாதை.

கீழ்த்தளத்துக்கு வேறு வழி கிடையாது.

"வாட்ச்மேன் அண்ணே, மேனேஜர் எப்படி உள்ள வருவாரு?"

"சரிவுல இறங்கித்தான் தம்பி. வேற எப்படி வருவாரு, லிஃப்ட்லயா?"

"அப்ப இடது பக்கத்தை மிதிச்சுத்தான் வலது பக்கம் போகணும். இடது பக்கத்துல ஏன் ஒரு கால்கூட இல்ல?"

உதிராமல் மிச்சமிருந்த இடங்களையெல்லாம் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இல்லை.

பூதக்கண்ணாடி கையை உதறினார். "இடது பக்கம் முதல்ல போட்டிருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள காய்ஞ்சிருக்கும். வலது பக்கம் கடைசியாப் போட்டது, ஈரமா இருந்திருக்கும். இது ஒரு பெரிய..."

"மாமா, நீங்க எப்பவாவது வீடு துடைச்சிருக்கீங்களா?"

"உங்க அக்கா விடமாட்டா."

"உங்களை விடமாட்டா. என்னை விடுவா. தினமும் விடுவா. வாசல்ல ஆரம்பிச்சு உள்ள துடைச்சுக்கிட்டே போனா என்ன ஆகும்? மூலையில மாட்டிக்கிட்டு, தரை காயற வரைக்கும் கொக்கு மாதிரி நிக்கணும். நின்னிருக்கேன். அதனால மூலையில ஆரம்பிச்சு வாசல் பக்கமா பின்னாடியே வரணும். தரை போடறவனும் அதைத்தான் பண்ணுவான். வழி இடது பக்கம். அப்ப முதல்ல போட்டது வலது. கடைசியாப் போட்டது இடது."

"ஆமாம்" என்றார் மேடம். "காலையில வலது மூலையிலதான் ஆரம்பிச்சோம்." அவர் கண்கள் மெல்ல விரிந்தன.

"முதல்ல போட்டது சாயங்காலம் வரைக்கும் இளக்கமா இருந்து மேனேஜர் கால்தடத்தை வாங்கியிருக்கு. அப்புறமாப் போட்டது அவரு வர்றதுக்குள்ள இறுகியிருக்கு. குளிர்காலத்துல மெதுவா இறுகற சோம்பேறி யாருன்னு மேடம் சொன்னாங்க?"

மிஷின்காரர் மிஷினை அணைத்தார். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் இந்த இடத்தில் சத்தம் கூடாது என்று பட்டது.

"சாம்பல் வலது பக்கம்" என்றார் மேடம். "நல்லா இருக்கற பக்கம். இடது பக்கத்துல... சாம்பலே விழலயா?"

பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கொள்கையைக் கைவிடும்போது அவர் செய்யும் சடங்கு இது. தேய்ந்துபோன கண்ணாடியைப் பார்த்தாலே எத்தனை கொள்கைகள் போயிருக்கின்றன என்று தெரியும்.

"ஆக, குற்றவாளின்னு நினைச்சு நாம வைத்தியரைத் தேடியிருக்கோம். டேய், இதை நான்தான் கண்டுபிடிச்சேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடு."

"இனிமே வீடு யாரு துடைக்கறது?"

பூதக்கண்ணாடி யோசித்தார். "நீயே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்."

*

ஐந்து மணிக்கு நாற்காலிகள் நிறைந்தன. வலது பக்கத்து உறுதியான தரையிலேயே எல்லாரும் உட்கார்ந்தார்கள். இடது பக்கம் நாற்காலி நிற்கவில்லை. சுத்தம் சார் வெள்ளைச் சட்டையில், சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். பட்டன் ஓரமாக நின்றான்.

மேடம் எழுந்தார். அதற்குள் பூதக்கண்ணாடி முந்திக்கொண்டார்.

"அவங்க பேசறதுக்கு முன்னாடி என் முடிவைச் சொல்லிடறேன். விசாரிச்சுட்டோம். இடது பக்கத் தரை முழுக்க முழுக்கச் சாம்பல். மூட்டை மூட்டையாச் சாம்பல். சிமெண்ட் பேருக்குத்தான்."

மேடம் வாயைத் திறந்தார். அவரைப் பேசவிடாமல் தடுக்க நினைத்த மச்சான், புடவைத் தலைப்புக்குப் பதில் பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டையை இழுத்துவிட்டான். அவர் முறைத்தார்.

சுத்தம் சாரின் முகம் சிவந்தது. ஆனால் அவர் திரும்பியது மேடம் பக்கமில்லை.

"டேய்!" பட்டனைப் பார்த்துக் கத்தினார். "மேடம் உனக்குத் தெரியாம கொஞ்சம் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன், மூட்டை மூட்டையா விழுந்தது உனக்குத் தெரியாமலா? உங்கிட்ட என்ன சொன்னேன்? என் பக்கத்துல ஒரு பொட்டுச் சாம்பல் விழக்கூடாது, சுத்தமான சிமெண்ட் மட்டும் போடுன்னு சொன்னேனா இல்லையா?"

"சத்தியமா ஒரு பொட்டுகூட விடல மாமா!" பட்டன் அழாத குறை. "நீங்க சொன்ன மாதிரியே, உங்க பக்கத்துக்குச் சாம்பல் பொத்தானைத் தொடவே இல்ல மாமா!"

'மாமா' என்றதும் வழக்கப்படி பூதக்கண்ணாடியும் திரும்பினார். பிறகு பெரிய இடம் எந்த இடம் என்பது அவர் உட்பட அனைவருக்கும் விளங்கியது.

இடது பக்கத் தூண் ஒன்றிலிருந்து, பார்த்துச் சிரிப்பது போல, கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

"நன்றி" என்றார் பூதக்கண்ணாடி. "நான் சொன்னது பொய். நீங்க ரெண்டு பேரும் சொன்னது நிஜம். வருங்கால மாமனார் கேட்டாரு, மாப்பிள்ளை செஞ்சாரு. வலது பக்கம் மேடம் சொன்ன கலவை. உங்க பக்கம் நீங்க கேட்ட சுத்தம். கேட்டது கேட்டபடியே கிடைச்சிருக்கு சார். கலப்படம் எதுவும் இல்ல."

பட்டன் மேடத்தின் முன்னால் வந்து தலையைத் தொங்கப்போட்டான். "நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணினேங்கா. சிமெண்ட் கூடுதலாத்தானே போட்டேன்..."

"அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரெண்டு மாசம் தூங்கியிருப்பேன்டா." மேடம் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வலது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கையைத் தூக்கினார். "அப்ப எங்க பக்கம் சாம்பலா?"

"ஆமாம்மா."

"எங்களுக்கு அதுவே போதும். யாரும் வந்து சுத்தம் பண்ணிடாதீங்க."

சுத்தம் சார் எழுந்து போகப் பார்த்தார். பூதக்கண்ணாடி வழியில் நின்றார்.

"கூட்டம் முடியல சார். தப்பை ஒத்துக்கறதுக்குன்னுதானே எல்லாரையும் கூப்பிட்டீங்க? ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். ஆள்தான் மாறியிருக்கு."

நாற்காலிகள் அத்தனையும் அவரைப் பார்த்தன. அவர் தண்ணீர் குடித்தார். இரண்டு முறை வடிகட்டிய தண்ணீர், மூன்றாவது முறையாகத் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

"மேடம் மேல தப்பில்ல" என்றார், தரையைப் பார்த்து.

"தரைக்குக் கேட்டுது. எங்களுக்குக் கேக்கல" என்றான் மச்சான்.

"மேடம் மேல தப்பே இல்ல! நான்தான் கலவையை மாத்தச் சொன்னேன். ஆலை முதலாளிகிட்டயும் நானே சொல்லிடறேன்."

மேடம் தலையசைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் இடது பக்கம் போய், ஒரு தூணின் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வேலையை விட வந்தவர் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"இதுக்கு ஏதாவது பண்ண முடியுமாம்மா?" சுத்தம் சார் பின்னாலேயே போனார். இந்த 'அம்மா' இன்றுதான் முளைத்தது.

"பாரத்துக்கு முட்டுக் குடுத்துட்டு, தூணடியில உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்துக் கட்டணும். தரையை முழுசா உடைச்சுப் புதுசாப் போடணும்."

"எதைப் போட்டு?"

மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

சுத்தம் சார் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் தாராளமாவே போடும்மா."

"அளவாத்தான் போடுவேன். இந்தத் தடவை கடைசி லாரி வரைக்கும் நானே நிப்பேன்."

சாயங்கால வெளிச்சத்தில், சரிவுப்பாதையில் ஒரு பழுப்பு நிற உருவம் இறங்கியது. மேனேஜர் வந்துவிட்டார். இடது பக்கத்தை முகர்ந்து, தும்மி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, தன் பழைய தடங்களின் மேலேயே நடந்து மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மிஷின்காரர் மரியாதையாக மிஷினை ஓரம் தள்ளினார்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "சார், புதுத்தரை போடற அன்னிக்கு இதைக் கேட்டுக்கு வெளிய கட்டிப் போட்டுடட்டுமா?"

சுத்தம் சார் நாயைப் பார்த்தார். வலது பக்கத் தரையில் வரிசையாகப் பதிந்திருந்த, காலையில் அசிங்கமாக இருந்த, அந்தக் கால்தடங்களைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "அவரு வழக்கம்போல வரட்டும். என் பக்கமும் ஒரு நடை நடந்து பாக்கட்டும்."